ஒளிக்கோடும் குத்தூசியும்

தோல் தைக்கும் இயந்திரமொன்றின் தலையில், ஊசிக்குச் சற்று மேலே, சுண்டுவிரல் அளவான பித்தளைக் குழாயொன்றைப் பொருத்துகிறார்கள். அதனுள்ளிருந்து புறப்படும் லேசர் ஒளி தோலின் மீது சிவந்த நூலிழை போல ஒரு நேர்கோட்டை வரைகிறது. தைப்பவர் தோலின் விளிம்பை அந்தக் கோட்டுக்கு ஒப்பப் பிடித்துச் செலுத்தினால் தையல் வளைவதில்லை. கவராயத்தின் முனையாற் கீறிக்கொள்வதும், வெள்ளிப் பேனாவாற் குறித்துக்கொள்வதும் வேண்டாதனவாகிவிடுகின்றன. சங்கதி இவ்வளவுதான். இயந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டால் இக்குழாயின் விலை அற்பம்.

இத்தகைய சின்னஞ்சிறு சாதனத்தைக் குறித்து இலக்கிய ஏடொன்றில் எழுதத்தான் வேண்டுமா என்று சில நண்பர்கள் முகஞ் சுளிக்கக்கூடும். 1867 இல் வெளிவந்த 'மூலதனம்' முதற் பாகத்தில், தையல் இயந்திரம் வீட்டிலும் சிறு பட்டறையிலும் நடந்த உடைத் தொழிலை எவ்வாறு புரட்டிப் போட்டது என்பதைக் கார்ல் மார்க்ஸ் நிதானமாக ஆராய்ந்திருக்கிறார் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம். ஊசியும் நூலும் அவருக்குச் சிறிய விஷயங்களாகத் தோன்றவில்லை. எமக்கு மட்டும் ஏன் தோன்ற வேண்டும்?

இந்த ஒளிக்கோட்டைப் பற்றிப் பேசுவோர் இரு சாரார். கைவினையின் பக்தர்கள் ஒரு சாரார். கண்ணும் கையும் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த திறமையை இப்பாழும் விளக்கு கொன்றுவிடும் என்று அவர்கள் அங்கலாய்க்கின்றனர். மறுசாரார் அபிவிருத்தி வியாபாரிகள். ஒரு விளக்கை வாங்கிப் பூட்டினால் தெருவோரத் தொழிலாளி நாளை ஏற்றுமதியாளனாகிவிடுவான் என்று ஆசை காட்டுகின்றனர். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் எதிர்ப்பது போலத் தோன்றினும், ஒரு விஷயத்தில் ஒற்றுமையாகவே இருக்கின்றனர். தோல் தைக்கும் மனிதனிடம் சென்று, 'ஐயா, உமக்கு வேண்டியது என்ன?' என்று இருவருமே கேட்டதில்லை.

நாம் கேட்க விரும்புவது அந்தக் கேள்வியைத்தான். அதற்கு மாத்தளை மாவட்டம் பொருத்தமான இடம்.

கையால் ஆகும் வேலையின் பெருமை பேசுவோருக்கு மாத்தளையில் யாத்திரைத் தலங்கள் உண்டு. நகருக்கு வடக்கே தம்புள்ளை செல்லும் வழியில் அலுவிகாரை இருக்கிறது. கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், அதுவரை வாய்வழியாக வந்த பாளித் திரிபிடகம் அங்கேதான் ஏட்டில் ஏறியது என்பது மரபு. இன்றும் அங்கு எழுத்தாணி பிடித்து ஓலையிற் கீறிக் காட்டுகிறார்கள். அதை வியந்து பார்ப்போர் ஒன்றைக் கவனிப்பதில்லை. ஓலையின் நரம்புகள் இயல்பாகவே நீளவாட்டில் ஓடுகின்றன. வரி கோணாமல் இருப்பதற்கு எழுதுபவனுக்கு அவை துணை. அந்த நரம்பைக் கிழித்துவிடாமல் எழுத வேண்டியிருந்ததனாலேதான் தென்னாட்டு எழுத்துகளும் சிங்கள எழுத்துகளும் வளைந்து உருண்டன என்று சொல்வாருமுளர். எவ்வாறாயினும், ஏடெழுதிய துறவி வெறுங்கண்ணை மட்டும் நம்பி எழுதவில்லை. கோடு அவருக்கு முன்னரே போடப்பட்டிருந்தது. அதனால் அவருடைய கல்வியோ கைத்திறனோ குறைந்துவிட்டதென்று எவரும் சொல்லக் காணோம்.

அதே மாவட்டத்தில் ஹப்புவிட என்னும் கிராமம் உண்டு. அரக்கு வேலைக்குப் பெயர் பெற்றது. சூடேற்றி இளக்கிய அரக்கை மெல்லிய இழையாக இழுத்து, மரத்தின் மேல் சுற்றி, பெருவிரல் நகத்தாற் கிள்ளிக் கிள்ளிக் கோலம் அமைப்பது அவர்களுடைய முறை. 'நியபொத்தென் வெட', அதாவது நகவேலை, என்று சிங்களத்தில் அதற்குப் பெயர். கண்டி நாட்டுக் கைவினைகளைப் பற்றி 1908 இல் பெருநூல் வெளியிட்ட ஆனந்த குமாரசுவாமி போன்றவர்களால் இத்தகைய கலைகள் உலகின் கண்ணிற் பட்டன. அரசாங்கக் கைப்பணிக் கடைகளில் அவற்றுக்கு இடமுண்டு. உல்லாசப் பிரயாணிகள் வாங்கிச் செல்கின்றனர். அது நியாயமே. அந்தக் கிராமத்து மக்களின் நகத்துக்கு நாமும் தலைவணங்குகிறோம்.

ஆனால் அலுவிகாரையிலும் ஹப்புவிடவிலும் மெய்சிலிர்த்துவிட்டு மாத்தளை நகருக்குத் திரும்பும் இரசிகர், பஸ்ஸைப் பிடிக்க ஓடும் அவசரத்தில் செருப்பின் வார் அறுந்துபோக, நடைபாதையிற் குந்தியிருக்கும் ஒரு தொழிலாளியின் முன் அதைக் கழற்றிப் போடுகிறாரே, அந்தத் தொழிலாளியின் கையைப் பார்க்கிறாரா? குத்தூசியால் ஒரு துளை. மறுபுறமிருந்து மெழுகு பூசிய நூலைக் கொக்கியில் மாட்டி ஓர் இழுப்பு. பிறகு அரை அங்குலத்துக்கு அப்பால் இன்னொரு துளை. கீறிய கோடில்லை, அளவுகோலில்லை. பசையால் ஒட்டி விற்கப்பட்ட சப்பாத்தின் அடி, மழைக்காலம் ஒன்றைத் தாண்டாமல் வாய் பிளக்கும்போது, அதைச் சுற்றிலும் ஒரே சீராகத் தைத்துக் கொடுக்கிறார் அவர். ஹப்புவிடவின் நகம் கலையாயிற்று. இந்தக் குத்தூசி மட்டும் ஏன் கலையாகவில்லை?

விடை எல்லோருக்கும் தெரியும். சொல்லத்தான் கூசுகின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே தம்புள்ளையைக் கடந்து, மாத்தளையை மலைநாட்டின் வாசலாகக் கண்டு கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்த தமிழகத்து ஏழைகளின் வழிவந்தவர்களே மலையகத் தமிழர். அவர்களிடையே அருந்ததியர் எனப்படும் மக்களும் இருந்தனர். மலையக நகரங்களில் தோல் தைக்கும் தொழிலையும் நகரசுத்தித் தொழிலையும் இன்றுவரை சுமப்போரில் பலர் அவர்களே. தோலைத் தொட்ட கையைத் தமிழ் நிலப்பிரபுத்துவம் ஒதுக்கியது. கண்டிச் சிங்கள நிலப்பிரபுத்துவமும் தன் சாதி அடுக்கில் தோல் வேலை செய்வோரைக் கீழேதான் வைத்தது. மொழிக்கு மொழி சண்டை பிடிக்கும் இரு மேட்டுக்குடிகளும் இந்த ஒரு விஷயத்தில் எவ்வளவு அழகாக உடன்பட்டிருக்கின்றன!

ஆகவே கைத்திறன் அழிகிறதே என்று கண்ணீர் வடிக்கும் அன்பர்களை நாம் நம்பத் தயாரில்லை. இருந்தபோது மதிக்காத திறமையை, இயந்திரம் வருகிறது என்றதும் திடீரென நேசிக்கத் தொடங்குவது பாசாங்கு. ஐம்பது வயதில் கண் மங்கி, ஊசித் துளையைத் தேடித் தடவும் ஒருவரிடம் சென்று, 'உமது பழைமையைக் கைவிடாதீர்' என்று உபதேசிப்பவர், தாம் மட்டும் மூக்குக்கண்ணாடி அணிந்திருக்கிறார். கண்ணாடியும் ஒரு சாதனமே. கோடும் அவ்வாறே.

காந்தியடிகளின் பெயரைச் சொல்லி எம்மை மடக்க நினைப்போருக்கும் ஒரு வார்த்தை. 1924 இல் இயந்திரங்களைப் பற்றி விவாதம் எழுந்தபோது சிங்கர் தையல் இயந்திரத்துக்கு அவரே விதிவிலக்கு அளித்தார். தென்னாபிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் செருப்புத் தைக்கவும் கற்றுக்கொண்டவர் அவர். தம்மைச் சிறையிலிட்ட ஜெனரல் ஸ்மட்ஸுக்குத் தாமே செய்த ஒரு சோடியை அன்பளிப்பாகவும் கொடுத்தார். அவரை மேற்கோள் காட்டுவோரில் எத்தனை பேர் குத்தூசியைத் தொட்டிருக்கின்றனர்?

இனி மறுசாராரிடம் வருவோம். இவர்களோடுதான் எமக்கு முக்கியமான வழக்கு. ஏனெனில் இவர்கள் விஞ்ஞானத்தின் பெயரால் பேசுகிறார்கள். விஞ்ஞானத்தை நாம் இவர்களுக்கு விட்டுக்கொடுக்க முடியாது. 1960 இல் முதல் லேசர் ஒளிர்ந்தது. நான்காண்டுகளின் பின் அதற்கு அடிகோலிய ஆராய்ச்சிக்காக நொபெல் பரிசு பெற்றவர்கள் அமெரிக்கரான டவுன்ஸும், சோவியத் விஞ்ஞானிகளான பாசவும் புரொக்கொரவும் ஆவர். மனித குலத்தின் கூட்டுச் சொத்தாகப் பிறந்த ஒன்று, எந்தப் பொட்டலத்தில் எவருக்கு விற்கப்படுகிறது என்பதை ஆராய எமக்கு உரிமை உண்டு.

விளக்கை விற்பவர்கள் சொல்லாமல் விடுவதை இயந்திரத்தைத் திறந்து பார்த்தால் காணலாம். தோல் தைக்கும் இயந்திரங்களிலும் இரு சாதி உண்டு. ஒன்று, தோலை ஒரே திசையில், முன்னிருந்து பின்னாக, இழுத்துச் செல்வது. இடுப்புப் பட்டி, கைப்பை, வாகன இருக்கையின் உறை முதலிய நீண்ட நேர்த்தையல்களுக்கு அது ஏற்றது. பட்டறைகளிலும் ஆலைகளிலும் இருப்பது. மற்றது, பழுது பார்ப்பவனின் இயந்திரம். ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்க் ஆலையில் சிங்கர் கம்பெனி செய்த 29கே வகை இதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு. கையாற் சுற்றும் மலிவான சீன வார்ப்பிரும்பு இயந்திரங்கள் இதே வேலைக்கு இன்று உலகெங்கும் பரவியிருக்கின்றன. இவ்வகையில் தோலை அழுத்திப் பிடிக்கும் பாதமே தோலை நகர்த்துவது. அந்தப் பாதத்தை எந்தப் பக்கமும் திருப்பலாம். சப்பாத்தின் நுனிக்குள் ஒடுங்கிய கையை நுழைத்து, வளைந்து வளைந்து, ஒட்டுப் போட அதனாலேயே முடிகிறது.

இப்போது ஒளிக்கோட்டை நினைத்துப் பாருங்கள். அது ஒரே திசையிற் கிடக்கும் நேர்கோடு. முதல் வகை இயந்திரத்தில் அது ஊசியின் பாதைக்கு இணையாகக் கிடந்து உதவுகிறது. இரண்டாம் வகையிலோ தையலின் திசை தையலுக்குத் தையல் மாறுகிறது. அசையாத கோட்டினால் அங்கு யாதொரு பயனுமில்லை. பழுது பார்ப்பவனுக்கு வேண்டியது கோடன்று. ஊசி அடுத்து எங்கே இறங்கும் என்பதைக் காட்டும் ஒரு புள்ளி, அல்லது சிறு சிலுவைக் குறி. ஏனெனில் பாதம் அந்த இடத்தை மறைத்துக்கொண்டிருக்கும். அவனுடைய கண்ணுக்கு நோவு தருவது அந்த மறைவுதான். அத்தகைய ஒளிப்புள்ளியைச் செய்வது கோட்டைச் செய்வதைவிடக் கடினமன்று, சொல்லப்போனால் எளிது. லேசர்க் குழாயின் முனையிலுள்ள உருளை வில்லையே புள்ளியைக் கோடாக விரிக்கிறது. அந்த வில்லையைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது புள்ளி. ஆயினும் நீண்ட தையலுக்கான கோட்டையே 'தோல் தொழிலாளியின் வழிகாட்டி' என்று அனைவருக்கும் பொதுவாக விற்கிறார்கள். பட்டி செய்யும் முதலாளியின் கேள்விக்கு அது விடை. செருப்புத் தைப்பவனின் கேள்வி கேட்கப்படவேயில்லை.

கூரை வேறு இருக்கிறது. இத்தகைய விளக்குகள் பெரும்பாலும் 1 முதல் 5 மில்லிவாற்றுக்கு உட்பட்டவை. அறைக்குள் அவற்றின் கோடு துலக்கமாகத் தெரியும். நடைபாதையின் வெயிலில், குடையின் நிழலில்கூட, அது கண்ணுக்குப் புலப்படுவது அரிது. அதற்கு மின்சாரமும் வேண்டும். 5 வோல்ற்றுதான், கைத்தொலைபேசிக்கு ஏற்றும் கருவி போதும் என்கிறார்கள். அந்தக் கருவியைச் செருகுவதற்கு நடைபாதையில் மின்துளை ஏது? ஒளிக்கோடு வருவதற்கு முன்னர் மாத்தளையின் தோல் தொழிலாளிக்கு வரவேண்டியது மழை நனைக்காத, வெயில் சுடாத நாலடி இடமும் ஒரு மின்னிணைப்பும். இதைக் கொடுக்க விஞ்ஞான மாநாடு கூட்ட வேண்டியதில்லை. மாநகர சபை மனம் வைத்தாற் போதும்.

தொழில்நுட்பம் தெரிந்த மாணவர்கள் பொருட்டு இன்னும் சிறிது சொல்லிவிடுகிறோம். ஏனெனில் தவறாகப் பொருத்தப்பட்ட கோடு பொய் சொல்லும். குழாயைப் பக்கவாட்டிற் சரித்துப் பொருத்தினால், தோலின் தடிப்பு மாறும்போது கோடும் இடம் மாறுகிறது. 45 பாகை சரிவில் வரும் ஒளி, 2 மில்லிமீற்றர் தோலில் ஓரிடத்திலும், மடித்துத் தடித்த 6 மில்லிமீற்றரில் அதற்கு 4 மில்லிமீற்றர் விலகியும் விழும். விளிம்பிலிருந்து 3 மில்லிமீற்றரில் ஓட வேண்டிய தையலுக்கு இது நாசம். ஒளித்தளம் செங்குத்தாக இறங்கி, தோல் நகரும் திசைக்கு இணையாக இருக்க வேண்டும். அப்போது தடிப்பு எவ்வளவு மாறினும் கோடு விலகாது. கறுப்புத் தோலில் சிவப்பு ஒளி மங்கும். பச்சை துலங்கும், மனிதக் கண்ணுக்குப் பச்சையே கூர்மையாதலால். ஆனால் மலிவான பச்சைக் கருவிகள் சிலவற்றிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரும் கசிவதுண்டு. பளபளக்கும் உலோகப் பாதத்திற் பட்டுத் தெறிக்கும் ஒளி நாள் முழுதும் அருகிலிருக்கும் கண்ணைத் தாக்கும். 1 மில்லிவாற்றுக்கு மேற்படாத குழாயைத் தேர்ந்து, பாதத்துக்கு மங்கலான பூச்சிடுவது நன்று. விற்பனைப் பெட்டியின் மேல் இவையெல்லாம் அச்சிடப்பட்டிருப்பதில்லை.

சரி, கூரையும் மின்சாரமும் நேர்த்தையல் இயந்திரமும் உள்ள பட்டறையில் கோடு பொருத்தப்படுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அங்கு கதை எப்படி நடக்கும்? கணக்குக்காக ஓர் உதாரணம். ஒரு பட்டி தைக்க 5 நிமிடம் ஆகிறது. அதில் 1 நிமிடம் கோடு கீறுவதற்குச் செல்கிறது. 8 மணி நேரத்தில் 96 பட்டிகள். ஒளிக்கோடு வந்ததும் கீறும் நிமிடம் மிச்சம், இப்போது 120. கூடுதலான 24 பட்டிகள் எவருடையவை? தொழிலாளி துண்டுக் கூலிக்கு வேலை செய்பவராயின், சில வாரங்களில் துண்டுக்கான கூலி ஐந்தில் நான்காகக் குறையும். பழைய சம்பளத்துக்கு அவர் 120 தைப்பார். நாட்சம்பளக்காரராயின், நிறுத்தக் கடிகாரத்தோடு ஒருவர் வந்து நின்று புதிய இலக்கை எழுதிச் செல்வார். 1992 இல் தொடங்கிய இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தின் பின்னர் கிராமந்தோறும் தையல் மேசைக்குச் சென்ற எம் சகோதரிகளுக்கு இந்த நிமிடக் கணக்கை நாம் கற்பிக்க வேண்டியதில்லை. அவர்களே எமக்குக் கற்பிப்பார்கள். கோடு கீறிய அந்த ஒரு நிமிடம் வெறும் விரயமல்ல என்பதையும் அவர்களே சொல்வார்கள். கழுத்து நிமிர்ந்த நிமிடம் அது. கண் ஊசியை விட்டு விலகிய நிமிடம். இப்போது 480 நிமிடமும் ஊசியே.

இயந்திரத்தை உடைத்தவர்களைப் பற்றி ஏளனமாகப் பேசுவது எம்மவர் சிலருக்கும் வழக்கமாகிவிட்டது. பிரான்ஸில் தையற்காரரான பார்த்தலெமி திமொனியே 1830 இல் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பாரிஸில் இராணுவ உடை தைக்க 80 இயந்திரங்கள் வரை வைத்திருந்த அவருடைய பட்டறையை 1831 இல் தையற்காரர்கள் தாக்கி அழித்தனர். மூடர்கள் என்று சரித்திரப் புத்தகம் சிரிக்கிறது. தம் வாயில் விழும் சோற்றை எவனோ எண்ணத் தொடங்கிவிட்டான் என்பதை அவர்கள் புரிந்துகொண்டிருந்தனர். அவர்கள் அடித்த இடந்தான் தவறு. கண்டுபிடித்த திமொனியேயும் வறுமையிலேயே மாண்டார். இலாபம் எடுத்தவர்கள் வேறெங்கோ இருந்தனர்.

அப்படியானால் தொழிலாளியே கண்டுபிடித்தால் எல்லாம் சரியாகிவிடுமா? இந்தக் கேள்விக்கு சப்பாத்துத் தொழிலின் சரித்திரத்தில் ஒரு துயரமான விடை கிடக்கிறது. யான் மட்ஸெலிகர் என்னும் இளைஞர் தென்னமெரிக்காவின் சூரினாமில் 1852 இல் பிறந்தவர். தாய் கறுப்பினப் பெண், தந்தை ஒல்லாந்தர். அமெரிக்காவின் லின் நகருக்கு 1877 இல் வந்து சப்பாத்து ஆலையில் இயந்திரம் ஓட்டினார். அக்காலத்தில் அடியையும் மேற்தோலையும் தைக்க இயந்திரம் வந்துவிட்டது. மேற்தோலைக் கால் அச்சுக்கட்டையின் மேல் இழுத்து, மடித்து, ஆணியடித்துப் பொருத்தும் வேலை மட்டும் கையாலேயே நடந்தது. நாளொன்றுக்கு 50 சோடி ஒரு நல்ல தொழிலாளியின் எல்லை. அந்தக் கைகளின் அசைவை ஆண்டுக்கணக்கில் உற்றுப் பார்த்து, இரவில் மரத்துண்டுகளாலும் பழைய இரும்பாலும் மாதிரி செய்து, 1883 இல் மட்ஸெலிகர் காப்புரிமை பெற்றார். அவருடைய இயந்திரம் நாளொன்றுக்கு 150 முதல் 700 சோடி வரை இழுத்தது. சப்பாத்தின் விலை பாதியாக வீழ்ந்து ஏழைகளின் காலுக்கும் எட்டியது. நாம் இதைக் கொண்டாடுகிறோம்.

ஆனால் பணமில்லாத கண்டுபிடிப்பாளன், மாதிரியைச் செய்து முடிப்பதற்கே தன் உரிமையின் பெரும்பகுதியை முதல் போட்டவர்களுக்கு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. 1889 இல், முப்பத்தேழு வயது நிரம்புமுன், காசநோய் அவரைக் கொண்டு சென்றது. பத்தாண்டுகளின் பின், 1899 இல், சப்பாத்து இயந்திரக் கம்பெனிகள் ஒன்றுசேர்ந்து யுனைற்றட் ஷூ மெஷினரி என்னும் பெருங் கூட்டாகின. அக்கூட்டு தனது முக்கிய இயந்திரங்களை விற்கவே மறுத்தது. குத்தகைக்கு மட்டுமே விட்டது. அதற்கு முன்பே மக்கே என்பவர் அடி தைக்கும் இயந்திரத்தைக் குத்தகைக்கு விட்டு, தைக்கும் ஒவ்வொரு சோடிக்கும் தம்மிடம் முத்திரை வாங்கி ஒட்டச் செய்திருந்தார். சப்பாத்துத் தைப்பவன் தைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இயந்திரம் என்றும் அவனுடையதாகிவிடக் கூடாது. அமெரிக்க நீதிமன்றமே 1953 இல் இதைச் சட்டவிரோதமான ஏகபோகம் எனத் தீர்த்து, விற்கவும் வேண்டும் எனக் கட்டளையிட்டது. அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கறந்த பின்னர் வந்த நீதி!

பழங்கதை என்று தள்ளிவிட முடியவில்லை. சிங்கர் கம்பெனி 1856 இல் தவணைமுறை விற்பனையை ஆரம்பித்தது. இலங்கைக்கு 1877 இல் வந்தது. தவணையில் வாங்கிய தையல் இயந்திரத்தால் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் தவணை என்னும் கயிற்றின் மறுமுனை எங்கே இருக்கிறது என்பதை இன்றைய நுண்கடன் கம்பெனிகள் எமக்குக் காட்டிவிட்டன. சுயதொழிலுக்கென்று கொடுத்த சிறு கடன், வாராவாரம் வாசலுக்கு வந்து வசூலிக்கும் பெரும் பூதமாகியது. 2021 மார்ச்சில், மாத்தளையின் அயல் மாவட்டமான பொலன்னறுவையில், ஹிங்குராக்கொடையில், கடன்பட்ட பெண்கள் தெருவோரத்தில் சத்தியாக்கிரகம் இருந்தனர். ஐம்பது நாளுக்கு மேல் அது நீடித்தது. அவர்களில் எவரும் சோம்பேறியல்லர். தொழில் செய்யக் கடன் வாங்கி, கடன் கட்டத் தொழில் செய்தவர்கள். 2022 இல் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென அறிவித்த வேளையில் டொலரின் விலை ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து இரண்டே மாதங்களில் 350 ரூபாவைக் கடந்தது. பிற நாட்டு ஊசியும், நைலோன் நூலும், பசையும் அதனோடு ஏறின. தவணைக்கு விளக்குப் பூட்டிய இயந்திரம் வாங்கியவன் அப்போது என்ன செய்திருப்பான்? ஒளிக்கோட்டை விற்பவர்களின் அழகிய படங்களில் இந்தத் தவணைப் புத்தகம் இடம்பெறுவதில்லை.

கூலி வேலை செய்பவருக்காவது 1941 ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமென்று ஒரு குடை, ஓட்டையானாலும், இருக்கிறது. நடைபாதையிலிருப்பவர் எவருக்கும் கூலியாளல்லர். ஆகவே எந்தச் சம்பளச் சபையும் அவரை அறியாது. அவர் 'முயற்சியாளர்' என்று புதிய அகராதி கூறுகிறது. அழகான சொல்தான்.

எமது நிலைப்பாட்டைத் திரிப்பதற்கு இடம் வைக்காமற் சொல்கிறோம். ஒளிக்கோடு வரட்டும்; ஒளிப்புள்ளி அதற்கு முன்னரே வரட்டும். ஆனால் பட்டறையில் அது பூட்டப்படும் நாளிலேயே, மிச்சமாகும் நேரத்தில் தொழிலாளியின் பங்கு எழுத்தில் வரவேண்டும். துண்டுக் கூலியைக் குறைக்க இடமளிக்கக் கூடாது. தொழிற்சங்கங்கள் இதைச் சில்லறை விஷயமென்று விட்டுவிடுகின்றன. இலக்கு ஏறுவது எப்போதும் இப்படிச் சில்லறையாகத்தான். நடைபாதைத் தொழிலாளருக்கோ தனித்தனியே கடன் கொடுப்பதை விட்டு, நாலைந்து பேர் கூடிப் பயன்படுத்தும் பொதுப் பட்டறையைக் கூட்டுறவு முறையில் அமைத்துக் கொடுக்க வேண்டும். நேர்த்தையல் இயந்திரம் ஒன்று, ஒட்டுத் தைக்கும் இயந்திரம் இரண்டு, விளிம்பு சீவும் கருவி ஒன்று என்றிருந்தால், பழுது பார்க்கும் கையே பையும் பட்டியும் செய்யத் தொடங்கும். ஒளிக்கோட்டுக்கு அங்கே உண்மையான வேலை இருக்கும்.

ஆசிரியர்களிடம் எமக்கொரு வேண்டுகோள் உண்டு. உயர்தர வகுப்பில் தொழில்நுட்பப் பிரிவு 2013 இல் புகுத்தப்பட்டது. மலையகத் தமிழ்ப் பாடசாலைகளுக்கு அது எவ்வளவு தூரம் எட்டியது என்ற வழக்கை வேறொரு சமயம் பேசுவோம். எட்டிய இடங்களிலேனும் மாணவரின் செயற்றிட்டங்கள் என்ன? பாடநூலில் உள்ளதையே திரும்பச் செய்யும் மாதிரிகள். பரீட்சகர் பார்த்துப் புள்ளியிட்ட மறுநாள் குப்பைக்குச் செல்பவை. அவற்றுக்குப் பதிலாக, ஒட்டுத் தைக்கும் இயந்திரத்துக்கு ஒளிப்புள்ளி அமைக்கும் வேலையைக் கொடுங்கள். பாதம் எந்தப் பக்கம் திரும்பினும் ஊசி இறங்கும் இடத்திலேயே ஒளி நிற்க வேண்டும். இயந்திரத்தின் அதிர்வில் குழாய் அசையக் கூடாது. வெயிலில் தெரிய வேண்டும், ஆனால் கண்ணைக் கெடுக்கக் கூடாது. வெயிலும் கண்ணும் ஒன்றுக்கொன்று எதிரானவை. வெறும் சக்தியைக் கூட்டி அதைத் தீர்க்க முடியாது. நிழல் மறைப்பு வேண்டுமா, நிறம் மாற வேண்டுமா என்று மாணவர் மண்டையை உடைத்துக்கொள்ளட்டும். பௌதிகமும் கேத்திரகணிதமும் இதைவிட நன்றாக எங்கே கற்கப்படும்? செய்த வரைபடத்தை எவரும் எடுத்துப் பயன்படுத்தத் திறந்து வையுங்கள். முத்திரை ஒட்டச் சொல்லும் புதிய மக்கேக்களுக்கு இடம் கொடாதீர்கள்.

அந்தப் பயிற்சிக்குப் பரீட்சகராக, நகரில் தோல் தைக்கும் தொழிலாளி ஒருவரைப் பாடசாலைக்கு அழையுங்கள். வாசலில் நிறுத்தாமல், ஆசிரியர் அறையின் நாற்காலியில் அமர்த்தி, ஆசிரியர்கள் அருந்தும் கோப்பையிலேயே தேநீர் கொடுத்து, அவருடைய இயந்திரத்தையும் ஒரு வாகனத்தில் ஏற்றிவரச் செய்து, மாணவர் செய்த விளக்கை அவர் கையாற் பூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் உதவாது என்றால் உதவாதுதான். அன்று அவர் நடைபாதையில் சம்பாதித்திருக்கக்கூடிய தொகையைக் கேட்டறிந்து, அதற்குக் குறையாமல், வெளியிலிருந்து வரும் விரிவுரையாளருக்குக் கொடுக்கும் அதே உறையில் வைத்துக் கொடுங்கள்.